பச்சை ஒளிர்ந்தது, மரபணு அடங்கவில்லை: கோவை ஆய்வகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகம். மார்பகப் புற்றுநோய் செல்களுக்குள் மஞ்சளில் உள்ள குர்குமினையும், ஒரு மரபணுவை அடக்கும் ஆர்என்ஏவையும் ஒரே கொழுப்புக் குமிழியில் ஏற்றி அனுப்புவது அங்கே நடந்த ஆய்வு. மைக்ராஸ்கோப் படங்களில் செல்கள் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன. ஆர்என்ஏ உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆர்என்ஏ அடக்கியிருக்க வேண்டிய மரபணு கொஞ்சம்கூட அடங்கவில்லை. மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கும் பிசிஆர் சோதனையைத் திரும்பச் செய்தும் அதே விடைதான்.

நான் லேசரால் செல்லை அடுக்கு அடுக்காகப் படமெடுக்கும் கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். படத்தையும் பிசிஆர் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வு மாணவர் கேட்டார்: "ஏனுங்க மேடம், இவ்வளவு பச்சையாத் தெரியுதுங்களே, அப்புறம் ஏனுங்க ஜீன் அடங்க மாட்டேங்குது?"

உயிருள்ள செல்லில் ஒளிர்வை வைத்து நியூக்ளிக் அமிலத்தை (டிஎன்ஏ, ஆர்என்ஏ) தேடும் எல்லோரும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. விடை தேடிப் போன வழியை முழுதாக எழுதிவைக்கிறேன். கொங்குப் பகுதி ஆய்வகங்களில் மஞ்சளை வைத்து வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மேசையிலும் இதே படம் இருக்கலாம்.

எதை அனுப்பினார்கள்

மாணவருக்குச் சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம். மஞ்சள் போடும் குடும்பம். ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த மஞ்சளில் உள்ள குர்குமினைப் புற்றுநோய் ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய உண்மையான ஆசை. குர்குமினோடு சேர்த்து அவர் அனுப்பியது எஸ்ஐ-ஆர்என்ஏ, அதாவது 21 எழுத்து நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏ. இரட்டை இழை ஆர்என்ஏ ஒரு மரபணுவை அடக்கும் என்பதை ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும் 1998இல் காட்டினார்கள். 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. இதை வைத்துச் செய்த முதல் மருந்தான படிசிரானுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கல்லீரல் செல்லுக்குப் போகும் கொழுப்பு நானோ துகளில் அடைத்துத் தரப்படும் மருந்து அது.

எஸ்ஐ-ஆர்என்ஏ வேலை செய்யும் இடம் செல்லின் உட்கரு இல்லை, சைட்டோபிளாசம். அங்கே ஆர்கோனாட் என்ற புரதம் அதன் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, பொருந்துகிற எம்ஆர்என்ஏவை, அதாவது மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏவை, தேடி வெட்டும். சிக்கல் அங்கே போய்ச் சேர்வதில்தான். ஆர்என்ஏ முழுக்க எதிர்மின்னேற்றம் உள்ளது. செல் சவ்வைத் தானாகக் கடக்காது. அதனால் நேர்மின்னேற்றமுள்ள கொழுப்போடு கட்டி அனுப்புகிறார்கள். செல் அந்தக் கட்டை விழுங்கி எண்டோசோம் என்ற பைக்குள் வைத்துக்கொள்ளும். பை உள்ளே நகர நகர அமிலமாகும்: தொடக்கத்தில் பிஹெச் 6க்குச் சற்று மேல், லைசோசோமாக மாறும்போது 5க்கும் கீழே. லைசோசோம் என்றால் எல்லாவற்றையும் நறுக்கும் இடம். அதற்கு முன்னால் ஆர்என்ஏ பையிலிருந்து வெளியே வந்தாக வேண்டும்.

இவர்கள் எடுத்த கொழுப்புகள் டோடாப் (DOTAP), டோப் (DOPE) இரண்டும். செல்கள் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் வகை. எஸ்ஐ-ஆர்என்ஏவின் குறி சர்வைவின் என்ற மரபணு. புற்றுநோய் செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம் அதிலிருந்து வருகிறது. ஆர்என்ஏவின் முனையில் ஃபேம் என்ற ஃப்ளோரசீன் வகைச் சாயம் ஒட்டியிருந்தது. 488 நானோமீட்டர் லேசரை அடித்தால் 520 பக்கத்தில் பச்சையாக ஒளிரும்.

இன்னொரு சங்கதியையும் மாணவர் காட்டினார். இந்தக் கலவையைக் கொடுத்த செல்கள் நிறையச் செத்தன. அதை அவர் மரபணு அடங்கியதன் அறிகுறியாகக் கருதியிருந்தார். ஆனால் எந்த மரபணுவோடும் பொருந்தாத, எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஆர்என்ஏவைக் குர்குமினோடு கொடுத்தபோதும் செல்கள் அதே அளவுதான் செத்தன. கொன்றது குர்குமின். ஆர்என்ஏவுக்கு அதில் பங்கு இருந்ததாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

மேசைமேல் ஒரு சோதனை

மைக்ராஸ்கோப்பை ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்தோம். ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் யுவி டார்ச் ஒன்று டிராயரில் கிடந்தது. குர்குமினை எத்தனாலில் கரைத்து வைத்திருந்த குழாயை அதன்கீழ் பிடித்தோம். மஞ்சள் கரைசல் பளிச்சென்று இளம்பச்சையாக ஒளிர்ந்தது. அதிலிருந்து ஒரு துளியைத் தண்ணீரில் விட்டோம். ஒளி ஏறக்குறைய அணைந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டதும் மீண்டும் ஒளி வந்தது. மாணவர் டார்ச்சை வாங்கித் தானே இன்னொரு தடவை செய்து பார்த்தார்.

குர்குமின் தண்ணீரை விரும்பாத மூலக்கூறு. தண்ணீரில் அதன் ஒளிர்வு மிகவும் மங்கல். எண்ணெய்ப்பசையுள்ள இடம் கிடைத்தால், சோப்பு மூலக்கூறுகளின் திரளோ கொழுப்புக் குமிழியோ செல் சவ்வோ எதுவானாலும், அங்கே போய் உட்கார்ந்து பிரகாசிக்கும். அது ஒளியை அதிகம் உறிஞ்சுவது 425 நானோமீட்டர் பக்கத்தில். ஆனால் உறிஞ்சும் திறன் 488 தாண்டியும் வால்போல நீளும். வெளியிடும் ஒளி 500இலிருந்து 550 வரை அகலமாகப் பரவும். ஃபேம் ஒளிரும் அதே பச்சை ஜன்னல்தான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். செல்களுக்குக் கொடுத்த குர்குமின் 10 மைக்ரோமோலார், அதாவது 10,000 நானோமோலார். எஸ்ஐ-ஆர்என்ஏ 50 நானோமோலார். ஆக ஒரு ஃபேம் மூலக்கூறுக்கு 200 குர்குமின் மூலக்கூறுகள். 488இல் குர்குமின் ஒவ்வொன்றும் பலவீனமாகத்தான் ஒளிரும். ஃபேம் மிக வலுவான சாயம். ஆனாலும் 200 பேர் முணுமுணுத்தால் ஒருவர் பேசுவது காதில் விழாது. போதாததற்கு ஃபேம் அமிலத்தில் மங்கிப்போகும் சாயம். ஃப்ளோரசீனின் பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் மாறும் பிஹெச், 6.4 அளவில் இருக்கிறது. லைசோசோமின் அமிலத்தில் அதன் ஒளியில் சிறு பங்குதான் மிஞ்சும். அதாவது ஆர்என்ஏ மாட்டிக்கொண்டிருக்கும் இடத்திலேயே ஃபேம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், சவ்வுகளெங்கும் பரவிய குர்குமின் செல்லை நிறைத்துக் காட்டும். பார்ப்பவருக்கு அது 'ஆர்என்ஏ சைட்டோபிளாசம் முழுதும் பரவிவிட்டது' என்றே தோன்றும். இதைவிட நம்பும்படியான பொய்ப்படம் கிடைக்காது.

ஊகத்தை நிரூபிக்க ஒரே பிளேட்டில் வரிசையாக வெல்களை, அதாவது செல் வளர்க்கும் குழிகளை, வைத்தோம். எதுவும் சேர்க்காத செல்கள். வெறும் கொழுப்பு பெற்ற செல்கள். கொழுப்பும் குர்குமினும் மட்டும். கொழுப்பும் ஃபேம் ஆர்என்ஏவும் மட்டும். கடைசியாக மூன்றும் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே லேசர் அளவு, ஒரே டிடெக்டர் அமைப்பு. நடுவில் எதையும் தொடக்கூடாது. குர்குமின் மட்டும் பெற்ற வெல்லும் மூன்றும் பெற்ற வெல்லும் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தன. குர்குமின் இல்லாமல் ஃபேம் ஆர்என்ஏ மட்டும் போன வெல்லில் தெரிந்தவை மங்கலான சில புள்ளிகள். லேசரை 405க்கு மாற்றினோம். ஃபேம் அங்கே ஏறக்குறைய ஒளிராது, குர்குமின் நன்றாக ஒளிரும். அந்தப் படத்தை 488 படத்தின்மேல் வைத்தபோது இரண்டும் பொருந்தின.

குர்குமின் மட்டும் போட்ட அந்த ஒரு வெல் முதலிலேயே இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம் வளர்ப்பு ஊடகம், அவ்வளவுதான். நம் ஊரில் கன்ஃபோகல் நேரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு வாங்குகிறோம். அதனால் 'ஒப்பீட்டுக்கான கன்ட்ரோல் வெல்லுக்கு எதற்கு நேரத்தைச் செலவிட வேண்டும்' என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. என் கருத்தில் வாடகை நேரம் குறைவாக இருந்தால் முதலில் எடுக்க வேண்டிய படமே கன்ட்ரோல்தான்.

சாயத்தை மாற்றிய பிறகு

அடுத்து ஆர்என்ஏவுக்கு சை-5 என்ற வேறொரு சாயம் ஒட்டி வாங்கினோம். 640 நானோமீட்டர் லேசரில் தூண்டினால் 670 பக்கத்தில் அடர்சிவப்பாக ஒளிரும். குர்குமினுக்கு அங்கே வேலையே இல்லை. அமிலமும் சை-5ஐ ஃப்ளோரசீனைப்போல மங்கவைக்காது. குறியையும் மாற்றச் சொன்னேன். குர்குமினே சர்வைவினைக் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்லும்போது, ஆர்என்ஏ சேர்ந்ததா என்பதை அந்த மரபணுவை வைத்து அளந்தால் யார் செய்த வேலை என்று பிரிக்க முடியாது. கேப்டிஹெச் என்ற சாதாரணமான மரபணுவை எடுத்துக்கொண்டோம். பிசிஆரில் பலரும் அதையே ஒப்பீட்டு அளவுகோலாக வைப்பார்கள். அதை அடக்கப் போகிறோம் என்பதால் அளவுகோலை பீட்டா-ஆக்டின் என்ற இன்னொரு மரபணுவுக்கு மாற்றியாக வேண்டும். ஆர்என்ஏவைச் செல்லுக்குள் ஏற்றக் கடையில் கிடைக்கும் டிரான்ஸ்ஃபெக்ஷன் கரைசலில் இந்த ஆர்என்ஏவைக் கொடுத்தபோது கேப்டிஹெச் நன்றாக அடங்கியது. ஆக ஆர்என்ஏவில் கோளாறு இல்லை.

செல்களை ஃபார்மலின் போட்டு நிலைப்படுத்தாமல் உயிரோடே பார்த்தோம். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். செல்லுக்குள் நுழையும் பெப்டைடுகள் (குட்டிப் புரதத் துண்டுகள்) உட்கருவரை போவதாகப் பல காலம் நம்பப்பட்டது. பிரான்சின் மான்ட்பெலியேயில் லெப்ளோவின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வு, அதில் பெரும்பகுதி நிலைப்படுத்தும்போது உண்டான மாயத்தோற்றம் என்று காட்டியது. உயிருள்ள செல்லில் அதே பெப்டைடுகள் பைகளுக்குள்தான் இருந்தன. உயிரோடு பார்ப்பதில் தொல்லைகள் உண்டு. 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டைஆக்சைடு, ஃபீனால் ரெட் என்ற நிறமி இல்லாத ஊடகம் எல்லாம் வேண்டும். ஏசி அறையில் சூடான மேடை இருந்தால் ஃபோகஸ் நகர்ந்துகொண்டே இருக்கும்; முன்கூட்டியே மேடையைச் சூடாக்கிக் காத்திருக்க வேண்டும்.

சை-5 படத்தில் செல் நிறைய ஒளி இல்லை. புள்ளி புள்ளியாக இருந்தது. செல்லின் ஓரத்தில் ஒரு வளையமும் தெரிந்தது. எதிர்மின்னேற்றம் நிறைந்த ஹெப்பாரின் கலந்த கரைசலால் கழுவியதும் அந்த வளையம் போய்விட்டது. அது உள்ளே போகாமல் சவ்வின் வெளியே ஒட்டிக்கொண்டிருந்த கட்டு. நேர்மின்னேற்றக் கொழுப்புகள் இப்படித்தான் செல்மேல் அப்பிக்கொள்ளும். கழுவாமல், ஒவ்வொரு செல்லின் ஒளியையும் எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளந்தால் அதையும் 'உள்ளே போனது' என்றே எண்ணிவிடும்.

உள்ளே இருந்த புள்ளிகள் எங்கே? அமிலப் பைகளைச் சிவப்பாகக் காட்டும் லைசோட்ராக்கர் ரெட் என்ற சாயம் போட்டோம். பச்சை லைசோட்ராக்கரை இங்கே தொடக்கூடாது, குர்குமின் வந்து கலந்துவிடும். சில மணி நேரத்தில் சை-5 புள்ளிகள் பெரும்பாலும் லைசோட்ராக்கர் புள்ளிகளின்மேல் உட்கார்ந்தன. ஆர்என்ஏ செல்லுக்குள் போனது உண்மை. அமிலப் பையை விட்டு வெளியே வரவில்லை என்பதும் உண்மை.

ஒளிர்வது ஆர்என்ஏவா, வெறும் சாயமா?

சை-5 ஒளிர்கிறது என்றால் சை-5 அங்கே இருக்கிறது என்றுதான் பொருள். அது ஆர்என்ஏவோடு இருக்கிறதா, ஆர்என்ஏ நறுக்கப்பட்டு மிஞ்சிய துணுக்கா என்பதை ஒற்றைச் சாயத்தால் சொல்ல முடியாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹனாடி ஸ்லைமனின் குழு 2019இல் டிஎன்ஏ நானோ கட்டமைப்புகளை வைத்து இதையே எச்சரித்தது. செல்லுக்குள் தெரியும் ஒளி, கட்டமைப்பு சிதைந்த பிறகு மிஞ்சும் சாயத்திலிருந்தும் வரலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

அதனால் ஒரு சாயத்திலிருந்து பக்கத்துச் சாயத்துக்கு ஆற்றல் தாவுவதைப் பார்க்கும் ஃப்ரெட் முறைக்குப் போனோம். ஓர் இழையில் சை-3 என்ற சாயம், மற்றோர் இழையில் சை-5, இரண்டும் பக்கத்துப் பக்கத்து முனையில். 561 லேசரால் சை-3ஐ மட்டும் தூண்டினால், இரண்டும் சில நானோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும்வரை ஆற்றல் சை-5க்குக் கைமாறி, ஒளி 670இல் வரும். இந்த ஜோடிக்குப் பாதி ஆற்றல் கைமாறும் தூரம் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஆர்என்ஏ அறுந்தாலோ இழைகள் பிரிந்தாலோ 670 இறங்கி, சை-3இன் சொந்த ஒளியான 570 ஏறும்.

ஒரு எச்சரிக்கை. கொழுப்புக் கட்டுக்குள் ஆர்என்ஏக்கள் நெருக்கமாக அடைந்திருப்பதால், ஓர் ஆர்என்ஏவின் சை-3 பக்கத்து ஆர்என்ஏவின் சை-5க்கும் ஆற்றலைத் தரும். அப்படியானால் ஃப்ரெட் தெரிந்ததும் 'ஆர்என்ஏ முழுசாக இருக்கிறது' என்று சொல்லிவிட முடியாது. இதற்காக சை-3 மட்டும் ஒட்டிய ஆர்என்ஏவையும் சை-5 மட்டும் ஒட்டியதையும் கலந்து கட்டிய இன்னொரு வெல்லை வைத்தோம். அதில் வரும் ஃப்ரெட் கட்டு அவிழ்ந்ததா என்பதைச் சொல்லும். இரண்டு சாயமும் ஒட்டிய வெல், ஆர்என்ஏ அறுந்ததா என்பதைச் சொல்லும். முதல் சில மணி நேரம் இரண்டிலும் ஃப்ரெட் இருந்தது. மறுநாள் இரண்டிலும் விழுந்திருந்தது. புள்ளிகளுக்குள் சை-3 தனியாக ஒளிர்ந்தது. கட்டு லைசோசோமுக்குள்ளேயே அவிழ்ந்து, ஆர்என்ஏ அங்கேயே நறுக்கப்பட்டிருந்தது.

பை கிழிந்ததா?

மிச்சமிருந்த கேள்வி இது ஒன்றுதான். வெளியே வந்த ஆர்என்ஏவை நேராகப் பார்ப்பது மிகக் கடினம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் மரினோ ஸெரியலின் குழு 2013இல் அளந்தபோது, கொழுப்பு நானோ துகளில் போன எஸ்ஐ-ஆர்என்ஏவில் 1 முதல் 2 சதவீதம்தான் எண்டோசோமைத் தாண்டி வந்தது. அந்தச் சிறு பங்கு சைட்டோபிளாசம் முழுதும் கரைந்து பரவிவிடும். பக்கத்தில் 98 பங்கு புள்ளிகளாக எரிந்துகொண்டிருக்கும்போது அதைக் கண் எப்படிப் பிடிக்கும்?

அதனால் ஆர்என்ஏவை விட்டுவிட்டுப் பையின் கிழிசலைத் தேடினோம். கேலக்டின் என்ற புரதங்கள் சைட்டோபிளாசத்தில் மிதப்பவை. அவை பிடித்துக்கொள்ளும் சர்க்கரைகள் எண்டோசோம் சவ்வின் உட்பக்கத்தில் மறைந்திருக்கும். சவ்வு கிழிந்தால் கேலக்டின் ஓடிப்போய் அங்கே ஒட்டும். கேலக்டின்-9இல் எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர் புரதத்தைச் சேர்த்து நிரந்தரமாக உருவாக்கும் செல்களை வளர்த்தால், கிழிந்த பை ஒவ்வொன்றும் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத்தான் காலம் பிடித்தது. எம்செர்ரியும் லைசோட்ராக்கர் ரெட்டும் ஒரே ஜன்னலில் மோதும் என்பதால் அவற்றை வேறு வேறு பிளேட்டில் வைத்தோம்.

டோடாப் கட்டு கொடுத்த செல்களில் சை-5 புள்ளிகள் ஏராளம், கேலக்டின் புள்ளிகள் அரிது. அப்புறம் குளோரோகுயின் சேர்த்துப் பார்த்தோம். அது லைசோசோமின் அமிலத்தைக் குறைத்துப் பையை வீங்கவைக்கும். கேலக்டின் புள்ளிகள் கூடின. கேப்டிஹெச்சும் முதல்முறையாக இறங்கியது. குளோரோகுயின் இதற்கு மருந்தாகாது, செல்லுக்கு அது நஞ்சு. ஆனால் நோய் எங்கே என்று காட்டிவிட்டது: தடை நுழைவாயிலில் இல்லை, எண்டோசோமின் வாசலில்.

மாற்றிய கட்டு

டோடாப் எப்போதும் நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். அதை விட்டு, படிசிரானில் பயன்படும் எம்சி3 என்ற கொழுப்புக்கு மாறினோம். அதன் பிகேஏ 6.44, ரத்தத்தின் பிஹெச்சில் ஏறக்குறைய நடுநிலை, எண்டோசோமின் அமிலத்தில் நேர்மின்னேற்றம் பெற்றுச் சவ்வைக் குலைக்கும். எம்சி3, டிஎஸ்பிசி என்ற பாஸ்போலிப்பிட், கொலஸ்ட்ரால், பெக் என்ற பாலிமர் ஒட்டிய கொழுப்பு ஆகியவற்றை 50, 10, 38.5, 1.5 என்ற மோல் விகிதத்தில் எடுத்துக்கொண்டோம். குர்குமினை இந்தத் துகளில் ஏற்றவில்லை. அதைத் தனியாகக் கொடுப்பது என்று முடிவானது.

வந்த விடைதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமானது. புதிய துகளைப் பெற்ற செல்களில் சை-5 ஒளி பழையதைவிடக் குறைவு. படமாகப் பார்த்தால் டோடாப்தான் ஜெயித்ததுபோலத் தோன்றும். ஆனால் கேலக்டின் புள்ளிகள் புதியதில் அதிகம், கேப்டிஹெச் புதியதில்தான் அடங்கியது. ஒளியின் அளவை மட்டும் வைத்துக் கட்டுகளைத் தரவரிசைப்படுத்தியிருந்தால் வேலை செய்யும் கட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். எவ்வளவு ஒளிர்கிறது என்ற ஒரே அளவை வைத்து 'சிறந்த கடத்தி' என்று எழுதும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பிறகு மாணவர் சர்வைவினுக்குத் திரும்பினார். புதிய துகளில் அதன் எம்ஆர்என்ஏ இறங்கியது. எழுத்து கலைத்த ஆர்என்ஏவில் இறங்கவில்லை. குர்குமினையும் சேர்த்துக் கொடுத்தபோது, குர்குமின் மட்டும் பெற்ற செல்களைவிடக் கூடுதலாகச் செத்தவை கொஞ்சம்தான். பெரிய வெற்றி என்று சொல்ல அதில் இடமில்லை, அதை அவர் அப்படியே ஆய்வேட்டில் எழுதியிருக்கிறார். பழைய பச்சைப் படமும் அதில் இருக்கிறது, குர்குமின் மட்டும் பெற்ற வெல்லின் படத்துக்குப் பக்கத்தில், ஒரே லேசர் அளவில் எடுத்தது என்ற குறிப்போடு.